விரலால் வாசிப்போம்: தமிழ் பிரெய்ல் கற்று, கைபேசியிலும் கணினியிலும் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

பார்வை போன பிறகு ஆறு ஆண்டுகள் நான் எதையும் வாசிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். கைபேசி பேசியது, கணினி பேசியது, புத்தகங்களும் பேசின. வேலை தடையில்லாமல் நடந்ததால் குறை எதுவும் தெரியவில்லை. ஒருநாள் நான் தட்டச்சு செய்து அனுப்பிய கடிதத்தைப் படித்த நண்பர், "பள்ளி என்று வர வேண்டிய இடமெல்லாம் பல்லி என்று இருக்கிறதே" என்றார். நாலு முறை கேட்டுச் சரிபார்த்த கடிதம் அது. திரையில் உள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானின் வேகமான குரலில் லகரமும் ளகரமும் என் காதில் ஒன்றாகவே விழுந்திருக்கின்றன. எழுத்து என்கிற ஒன்றே என்னைவிட்டுப் போய்விட்டது என்பது அன்றுதான் உறைத்தது.

அதற்கப்புறம்தான் விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்ல் படித்தேன். "எல்லாம்தான் பேசுகிறதே, இனி எதற்குப் பிரெய்ல்?" என்று இப்போதும் பலர் கேட்கிறார்கள். குரல் தகவலைக் கொடுக்கும். ஒரு சொல்லில் எந்த எழுத்து இருக்கிறது, பத்தி எங்கே முடிகிறது, ஒற்று மிகுந்ததா இல்லையா என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும். கண் தெரியாத குழந்தைக்கு ஒலி மட்டும் போதும் என்று விடுவதும், கண் தெரிகிற குழந்தைக்கு எழுத்தே சொல்லித்தராமல் வானொலி மட்டும் கொடுப்பதும் என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

வயதான பிறகு பார்வை இழந்தவர்கள், பார்வை குறைந்துகொண்டே வருபவர்கள், கண் தெரியாத பிள்ளைகளின் பெற்றோர், அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். கருவி வாங்குவதிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் அந்தக் கருவி அலமாரியில் தூங்கும்.

ஆறு புள்ளிகள்

லூயி பிரெய்ல் 1809 ஜனவரி 4 அன்று பிரான்ஸில் பிறந்தவர். மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் ஊசி ஒரு கண்ணில் குத்தியது, ஐந்து வயதுக்குள் இரு கண்ணிலும் பார்வை போனது. அந்தக் காலத்தில் பார்வையற்றோர் பள்ளியில் இருந்த புத்தகங்களில் சாதாரண அச்செழுத்தையே மேடாக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் விரலால் சுற்றிச் சுற்றித் தடவ வேண்டும். சார்ல் பார்பியே என்பவர் பன்னிரண்டு புள்ளிகளால் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அது கண்ணுக்கில்லாமல் விரலுக்கென்றே உருவான முறை, ஆனால் ஓர் எழுத்து ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. பிரெய்ல் அதை ஆறாகக் குறைத்தார். 1824-இல் அதைச் செய்தபோது அவருக்கு வயது 15. 1829-இல் அது புத்தகமாக வெளிவந்தது.

ஆறு புள்ளி என்பதன் மகிமையே அதுதான். விரலை வைத்தால் போதும், தேட வேண்டாம், முழு எழுத்தும் ஒரே தொடுகையில் கிடைக்கும்.

புள்ளிகள் இரண்டு நெடுவரிசையில் நிற்கின்றன. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் மேலிருந்து கீழாக 4, 5, 6. இதை ஒரு கட்டம் என்று சொல்வோம். எந்தப் புள்ளி எழும்பியிருக்கிறது, எது இல்லை என்பதை வைத்து, வெற்றுக் கட்டத்தையும் சேர்த்து 64 வடிவங்கள் வரும். உலக மொழிகள் எல்லாம் இந்த 64-ஐத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. கணினிக்காக அடியில் 7, 8 என்று இரண்டு புள்ளிகள் பிறகு சேர்ந்தன. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் விரல், அதுவும் தாளில்

முதல் இரண்டு வாரம் எந்த மின்கருவியும் வேண்டாம். தாளில் அச்சிட்ட பிரெய்ல் போதும். மேசைமேல் தாளை நேராக வையுங்கள், முழங்கையைத் தளர்வாக விடுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களும் அருகருகே வரியின்மேல் இருக்கட்டும். விரலின் கூர்நுனியை வைக்காதீர்கள், அதற்குச் சற்றுக் கீழே உள்ள சதைப்பகுதியை வையுங்கள்.

அழுத்தாதீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு அது. புள்ளி புரியவில்லை என்றால் இன்னும் அழுத்துவார்கள், அழுத்த அழுத்த விரல் மரத்துப்போய் இன்னும் புரியாது. தூசி தட்டுகிற அளவுக்கு மெல்ல, இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டே போங்கள். விரல் நகரும்போதுதான் புள்ளி தெரியும், நின்றால் மங்கிவிடும். இன்னொரு தவறு, ஒரே எழுத்தின்மேல் மேலும் கீழும் தேய்ப்பது. அது பழகிவிட்டால் வேகம் வரவே வராது.

எழுத்து தெரிவதற்கு முன்னாலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரே வடிவத்தால் நிரம்பிய வரியில், நடுவில் ஓரிடத்தில் மட்டும் வேறு வடிவம் இருக்கும்படி யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். வெற்று இடம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். வரியின் இறுதிக்குப் போய், அதே வரியிலேயே திரும்பி வந்து, அங்கிருந்து அடுத்த வரிக்கு இறங்குங்கள். கை நன்றாகப் பழகிய பிறகு, வலக்கை வரியை முடித்துக்கொண்டிருக்கும்போதே இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடித்துவிடும்.

வயதானவர்களுக்குத் தொடுவுணர்வு குறைந்துவிட்டது என்று நினைத்து மனம் தளர வேண்டாம். பெரும்பாலும் பழக வேண்டியது விரலைவிட மூளைதான். நீரிழிவால் விரல்நுனி மரத்திருந்தால் மட்டும் மற்ற விரல்களையும் முயன்று பாருங்கள். ஒரு விரலில் இல்லாத உணர்வு இன்னொன்றில் இருக்கலாம். புள்ளிகள் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும் ஜம்போ பிரெய்லில் தொடங்கலாம், ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், இரண்டு வேளை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட இது எவ்வளவோ மேல்.

எழுத்துகள்: ஆறு எழுத்தில் ஒரு கப்பல்

தமிழ் பிரெய்ல், 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பாரதி பிரெய்லின் ஒரு பகுதி. ஒலிக்கு ஏற்ப எழுத்து என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் அ, இ, உ, ஏ, ஓ, க, ச, த, ந, ப, ம, ய, ர, ல, வ ஆகிய பதினைந்து எழுத்துகள், அதே ஒலி கொண்ட ஆங்கில எழுத்துகளின் அதே புள்ளிகள்தான். தமிழ் படித்தால் ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் சும்மா கிடைத்துவிடும்.

அகரவரிசைப்படி பன்னிரண்டு உயிரெழுத்தையும் மனப்பாடம் செய்து தொடங்க வேண்டாம். நான் சொல்லித்தரும்போது இந்த ஆறிலிருந்துதான் தொடங்குவேன்:

அ 1, க 1-3, ல 1-2-3, ச 1-4, ம 1-3-4, ப 1-2-3-4.

இவற்றோடு மெய்யெழுத்தின் புள்ளி. பிரெய்லில் அது 4-ஆம் புள்ளி மட்டும் உள்ள கட்டம், எழுத்துக்கு முன்னால் வரும். அச்சில் க எழுதிய பிறகு அதன் தலையில் புள்ளி வைக்கிறோம். இங்கே புள்ளி முதலில் வந்து, "அடுத்து வருவது மெய்" என்று முன்கூட்டியே சொல்லிவிடும். விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் போவதால் இந்த ஏற்பாடு உண்மையில் வசதியானது.

சரி, இப்போதே என்னவெல்லாம் படிக்கலாம் பாருங்கள். கல், பல், பகல், அகம், சமம், கமலம். கப்பல் என்பது 1-3, பிறகு 4, பிறகு 1-2-3-4, மீண்டும் 1-2-3-4, பிறகு 4, கடைசியில் 1-2-3. நான் தட்டுத்தடுமாறி முதன்முதலில் முழுசாகப் படித்த சொல் அதுதான். இரண்டு பகரமும் தடதடவென்று கனமாக வந்தன, அப்புறம் ஒற்றைப் புள்ளி, பிறகு செங்குத்தாக ஒரு கோடு. கப்பல்! ஆறு ஆண்டுக்குப் பிறகு யாரும் சொல்லாமல் எனக்குள்ளேயே தோன்றிய முதல் சொல். அன்று மாலை முழுக்க அந்த ஒரு வரியைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அடுத்தது உயிரெழுத்துகள். ஆ 3-4-5, இ 2-4, ஈ 3-5, உ 1-3-6, ஊ 1-2-5-6, எ 2-6, ஏ 1-5, ஐ 3-4, ஒ 1-3-4-6, ஓ 1-3-5, ஔ 2-4-6. உயிர்மெய்க்குத் தனி வடிவம் எதுவும் இல்லை. மெய்க்குரிய எழுத்தைப் போட்டு அடுத்த கட்டத்தில் உயிரைப் போட வேண்டியதுதான். கா என்றால் க, ஆ. கொ என்றால் க, ஒ. அச்சில் முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால் என்று பிரிந்து நிற்பதெல்லாம் இங்கே கிடையாது. வாயில் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் கையிலும் வரும். 247 வடிவங்கள் படிக்க வேண்டுமே என்று பயந்து வருபவர்கள் இதைக் கேட்டதும் மூச்சுவிடுவார்கள்.

மீதி மெய்கள்: ங 3-4-6, ஞ 2-5, ட 2-3-4-5-6, ண 3-4-5-6, த 2-3-4-5, ந 1-3-4-5, ய 1-3-4-5-6, ர 1-2-3-5, வ 1-2-3-6, ழ 1-2-3-5-6, ள 4-5-6, ற 1-2-4-5-6, ன 5-6. தமிழ் என்ற சொல்லை எழுதினால் த, ம, இ, 4, ழ என்று ஐந்து கட்டம்.

எண்களுக்கு 3-4-5-6 என்ற எண்குறியை முன்னால் போட்டு, ஆங்கிலத்தின் முதல் பத்து எழுத்துகளை 1 முதல் 9, பிறகு 0 என்று படிக்க வேண்டும். 2019 என்றால் எண்குறி, 1-2, 2-4-5, 1, 2-4. எண்குறியும் ணகரமும் ஒரே வடிவம்தானே, குழம்பாதா என்று கேட்கலாம். தமிழில் எந்தச் சொல்லும் ணகரத்தில் தொடங்குவதில்லை. ஆகவே சொல்லின் தொடக்கத்தில் வந்தால் அது எண்தான்.

கண்ணாடி ஜோடிகள்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ் பிரெய்லில் சில எழுத்துகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ல, ள ஒரு ஜோடி. முன்னது இடப்பக்கக் கோடு, பின்னது வலப்பக்கக் கோடு. ட, ழ இன்னொரு ஜோடி. ஓ, ஔ. இ, ஏ. ஈ, எ. த, ஊ. உ, ங. மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுவது பெரும்பாலும் இவற்றில்தான்.

ஒரே நாளில் ஜோடியாகச் சேர்த்துச் சொல்லித்தராதீர்கள். ஒன்று நன்றாக ஊறிய பிறகு, இரண்டு வாரம் கழித்து மற்றதைக் கொடுங்கள். அப்புறம் இரண்டையும் மோதவிடுங்கள். பல்லி, பள்ளி. வலி, வளி. விலை, விளை. பல்லியில் 4-ஆம் புள்ளிக்குப் பிறகு இரண்டு இடக்கோடுகள், பள்ளியில் அதே இடத்தில் இரண்டு வலக்கோடுகள். காது தவறவிட்டதை விரல் எவ்வளவு தெளிவாகப் பிரிக்கிறது என்பதை உணர, இந்த இரண்டு சொல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் படித்துப் பாருங்கள்.

எழுதாமல் படிப்பு நிலைக்காது

வாசிக்கத் தொடங்கிய வாரத்திலேயே எழுதவும் தொடங்குங்கள். மிக எளிய கருவி, கட்டங்கள் வெட்டிய சட்டமான ஸ்லேட்டும் கூர்முனைக் குச்சியான ஸ்டைலஸும். ஸ்லேட்டுக்குள் தாளைச் செருகி, கட்டத்துக்குள் ஸ்டைலஸால் குத்த வேண்டும். புள்ளி தாளின் மறுபக்கத்தில் எழும்புவதால் வலமிருந்து இடமாக, 1-2-3 வலப்பக்கம் வரும்படி எழுத வேண்டும். இங்கேதான் கண்ணாடி ஜோடிகள் மறுபடி வந்து நிற்கும். பக்கம் மாற்றிக் குத்தினால் லகரம் ளகரமாகிவிடும். "முதல் நெடுவரிசை, இரண்டாம் நெடுவரிசை" என்று நினைத்துப் பழகினால், இடம் வலம் என்ற குழப்பம் சில நாளில் போய்விடும்.

தட்டச்சுப்பொறி போன்ற பெர்கின்ஸ் பிரெய்லர் 1951 முதல் உலகமெங்கும் புழங்குகிறது. ஆறு புள்ளிக்கு ஆறு விசை, நடுவில் இடைவெளி விசை. ஓர் எழுத்தின் எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இடக்கை ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் 1, 2, 3. வலக்கையில் அதே விரல்கள் 4, 5, 6. இந்த விரலமைப்பை நன்றாக மனதில் வையுங்கள். இனி வரப்போகும் எல்லா மின்கருவிகளும் இதையேதான் பின்பற்றுகின்றன.

கைபேசித் திரையே பிரெய்ல் விசைப்பலகை

செலவே இல்லாத தொழில்நுட்பம் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரில் 2014 முதலும், ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கில் 2020 முதலும் திரையிலேயே பிரெய்ல் தட்டும் வசதி உண்டு. வாய்ஸ்ஓவர் அமைப்புகளில் பிரெய்ல் பகுதிக்கும், டாக்பேக் அமைப்புகளில் பிரெய்ல் விசைப்பலகைக்கும் போய் அதை இயக்குங்கள். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கைபேசியில் இல்லையென்றால் ஆங்கிலத்தில் பழகுங்கள், விரலமைப்பு அதேதான்.

பிடிக்கும் விதத்தில்தான் சூட்சுமம். கைபேசியைக் குறுக்காகப் பிடித்து, திரை உங்களைப் பார்க்காமல் எதிரே பார்க்கும்படி திருப்புங்கள். கட்டைவிரல்களும் சுண்டுவிரல்களும் விளிம்பைத் தாங்கட்டும். மீதி ஆறு விரல்களும் பின்னாலிருந்து திரைமேல் சுற்றி விழும். மேசையில் கைபேசியைக் கிடத்தி, பெர்கின்ஸ் போலவே தட்டும் முறையும் உண்டு. எனக்கு முதல் முறைதான் பிடிக்கும், பேருந்தில் நின்றுகொண்டே தட்டலாம்.

ஒரு விரலை வலப்பக்கம் தள்ளினால் இடைவெளி, இடப்பக்கம் தள்ளினால் கடைசி எழுத்து அழியும். இரண்டு விரலை வலப்பக்கம் தள்ளினால் புதிய வரி. முதலில் தப்புத்தப்பாக வரும். புள்ளிகள் இருக்கும் இடத்தை உங்கள் விரலுக்கேற்ப மாற்றியமைக்கும் வசதி இரண்டிலுமே இருக்கிறது. கை அளவு சின்னதோ பெரிதோ, அதைச் செய்யாமல் "எனக்கு வரவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். பத்து நாள் தினமும் நாலு குறுஞ்செய்தி இதில் அனுப்புங்கள். குரல்வழியாகச் சொல்லி எழுதவைப்பது வேகம்தான், ஆனால் கூட்டத்தில் நின்று கடவுச்சொல்லையும் சொந்த விஷயத்தையும் உரக்கச் சொல்ல முடியாதே.

பிரெய்ல் டிஸ்பிளே: வாங்கும் முன்

திரையில் உள்ள வரியைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவிதான் பிரெய்ல் டிஸ்பிளே. பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் மின்சாரம் பாய்ந்தால் வளையும் ஒரு சிறு பீசோ பட்டை இருக்கிறது. அது வளைந்தால் ஊசி எழும், நேரானால் இறங்கும். ஒரு கட்டத்துக்கு எட்டு ஊசி. 40 கட்டமுள்ள கருவியில் 320 ஊசிகளும் 320 பட்டைகளும். விலை அதிகமாக இருப்பதற்குக் காரணமே இதுதான். ஆர்பிட் ரீடர் 20 போன்றவை வேறு வகை இயக்கத்தால் விலையைக் குறைத்தன, அதற்கு ஈடாகப் புள்ளி மாறச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும்.

எத்தனை கட்டம் வேண்டும் என்பதுதான் முக்கியமான முடிவு. தமிழில் மெய்ப்புள்ளிக்கு ஒரு கட்டம், உயிருக்கு ஒரு கட்டம் என்று போவதால் சொற்கள் நீளம். பன்னிரண்டு, பதினான்கு கட்டமுள்ள கருவியில் ஒரு நீண்ட தமிழ்ச் சொல் அடங்காமலே போகலாம். கைபேசியோடு வெளியே எடுத்துப் போக 20 போதும். கணினியில் நாள் முழுதும் எழுதுபவர், திருத்துபவர் என்றால் 40-க்குப் போங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் யோசனை 20, கையோடு வருவதுதான் தினமும் புழங்கும்.

வாங்கும் முன் கட்டாயம் தொட்டுப் பாருங்கள். புள்ளி எவ்வளவு உறுதியாக நிற்கிறது, விரல் பட்டால் அமுங்குகிறதா, ஊசி மாறும் ஓசை உங்களுக்கு இடைஞ்சலா, அடுத்த பகுதிக்கு நகர்த்தும் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஒரு சிறு பொத்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை அழுத்தினால் கர்சர் நேராக அந்த எழுத்துக்கே போய்விடும். பிழை திருத்த அதைப் போல் வசதி வேறில்லை.

பல வரி காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. கனூட் 360 ஒன்பது வரி, வரிக்கு 40 கட்டம். மோனார்க் பத்து வரி, வரிக்கு 32 கட்டம். மோனார்க்கில் வரைபடமும் தொட்டுப் பார்க்கலாம். கணிதமும் அறிவியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இவை பெரிய வரம், ஆனால் முதல் கருவியாக வாங்க வேண்டியவை அல்ல.

கணினியோடு இணைப்பது

விண்டோஸில் இலவசமான என்விடிஏ திரைவாசிப்பானை வைத்துச் சொல்கிறேன். டிஸ்பிளேயைக் கேபிளில் செருகுங்கள். என்விடிஏ விசை (வழக்கமாக இன்சர்ட்), கன்ட்ரோல், ஏ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எந்த டிஸ்பிளே என்று கேட்கும் பெட்டி வரும். தானாகக் கண்டறிதலையே விட்டுவைக்கலாம், பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து அமைப்புகளில் பிரெய்ல் பக்கம். இங்கே வெளியீட்டு அட்டவணை, உள்ளீட்டு அட்டவணை என்று இரண்டு உண்டு. எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று கணினிக்குச் சொல்பவை இந்த அட்டவணைகள். லிப்லூயி என்ற திறமூல மென்பொருளிலிருந்து இவை வருகின்றன. வெளியீட்டு அட்டவணையில் தமிழ் கிரேடு 1-ஐ, அதாவது சுருக்கம் இல்லாத தமிழைத் தேர்ந்தெடுங்கள். வாசிப்பதற்கு மட்டுமே டிஸ்பிளே என்றால் உள்ளீட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அட்டவணை தவறாக இருந்தால் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் பின்சாய்கோடு, ஆங்கில எக்ஸ், சில எண்கள் என்று நீளமாக ஓடும். ஆங்கில அட்டவணைக்குத் தமிழ் தெரியாததால் எழுத்தின் குறியீட்டு எண்ணையே அது நீட்டுகிறது. கருவி பழுது என்று பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தமிழும் ஆங்கிலமும் மாறி மாறிப் படிப்பவர்கள், என்விடிஏவில் இரண்டு தனி அமைவுத் தொகுப்புகளை உருவாக்கி ஒவ்வொன்றிலும் ஓர் அட்டவணை வைத்துக்கொண்டால், மாற்றுவது எளிது.

சொல் நடுவில் உடையாமல் முழுதாக வர வேண்டுமென்றால் சொல்மடிப்பைப் போட்டு வையுங்கள். கர்சர் இருக்கும் எழுத்தின் அடியில் 7, 8 புள்ளிகள் எழும். தேர்ந்தெடுத்த பகுதிக்கும் அதே 7, 8. கர்சர் துடிப்பது விரலுக்குத் தொந்தரவாக இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், நான் முதல் நாளே நிறுத்திவிட்டேன்.

பார்வையுள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று. என்விடிஏவின் கருவிகள் பட்டியலில் பிரெய்ல் பார்வையி இருக்கிறது. டிஸ்பிளே இல்லாமலே, மாணவர் விரலில் என்ன வரும் என்பதைத் திரையில் புள்ளியும் எழுத்துமாகப் பார்க்கலாம். நீங்கள் கண்ணாலேயே பிரெய்ல் படிக்கக் கற்றுக்கொள்ளலாம், விரலைவிட அது எளிது. பிள்ளையின் வீட்டுப்பாடத்தை அம்மா படித்துத் திருத்துகிறார் என்றால் அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பலம்!

கைபேசியோடு இணைப்பது

ஐபோனில் பொதுவான புளூடூத் பக்கத்துக்குப் போக வேண்டாம். அணுகல்தன்மை, வாய்ஸ்ஓவர், பிரெய்ல் என்று உள்ளே போய் அங்கேயே டிஸ்பிளேயை இணையுங்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக் அமைப்புகளில் பிரெய்ல் டிஸ்பிளே பகுதி. இரண்டிலுமே இடைவெளியோடு 4-ஆம் புள்ளி அடுத்த உருப்படி, இடைவெளியோடு 1-ஆம் புள்ளி முந்தைய உருப்படி, இடைவெளியோடு 1-2-5 முகப்புத்திரை. 7-ஆம் புள்ளி அழிக்கும், 8-ஆம் புள்ளி என்டர். இந்த ஐந்தும் தெரிந்தால் கைபேசியைத் தொடாமலே அதைப் பையில் போட்டுக்கொண்டு செய்தி படிக்கலாம், பதில் அனுப்பலாம்.

குரலை முழுதாக அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். வாரம் ஒருமுறையாவது இதைச் செய்யச் சொல்வேன். குரல் ஓடிக்கொண்டிருந்தால் மனம் சோம்பேறித்தனமாக அதன் பின்னாலேயே போய்விடும், விரல் சும்மா ஒப்புக்கு ஓடும்.

புத்தகங்கள்

பிரெய்ல் புத்தகக் கோப்புகள் பெரும்பாலும் பிஆர்எஃப் என்ற வடிவில் வரும். அதில் இருப்பது புள்ளி வடிவங்கள் மட்டும்தான், எந்த மொழி என்பது அதற்குத் தெரியாது. சாதாரணக் கோப்புத் திறப்பியில் திறந்தால் அம்மா என்பது ஆங்கில ஏ, அட் குறி, இரண்டு எம், ஒரு கோணக்குறி என்று கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, டிஸ்பிளேயில் போட்டால் சரியாக வரும். நினைவக அட்டை போடக்கூடிய டிஸ்பிளேயில் இப்படி நூற்றுக்கணக்கான புத்தகங்களை வைத்துக்கொண்டு, கணினியே இல்லாமல் படிக்கலாம். தாளில் ஒரு நாவல் பல தடித்த தொகுதிகளாக வந்த காலத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும்.

யூனிகோடில் உள்ள எந்தத் தமிழ்க் கோப்பையும், மின்னூலையும் திரைவாசிப்பான் வழியாக அப்படியே விரலில் படிக்கலாம். ஸ்கேன் செய்த படங்களாக உள்ள பிடிஎஃப் மட்டும், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி வழியாகப் போக வேண்டும், அதில் ல, ள குழம்பி வருவது சகஜம். அச்சு நூல்களைப் பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் மாற்றவும், நாடு கடந்து பகிரவும் வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் நிறைவேறி 2016-இல் நடைமுறைக்கு வந்தது. புக்‌ஷேர் போன்ற இணைய நூலகங்களில் உறுப்பினராகிப் பார்க்கலாம்.

சுருக்கெழுத்தும் கணக்கும்

ஆங்கிலத்தில் கிரேடு 2 என்ற சுருக்க முறை உண்டு. ஒருங்கிணைந்த ஆங்கிலப் பிரெய்லில் 180 சுருக்கங்கள் இருக்கின்றன. ஆங்கிலப் புத்தகங்கள் பெரும்பாலும் அதில்தான் வருவதால் கற்றுத்தான் ஆக வேண்டும், ஆனால் சுருங்காத எழுத்து சரளமான பிறகு போதும். கணிதத்துக்குத் தனிக் குறியீடு தேவை. உங்கள் பாடத்திட்டம் எந்தக் குறியீட்டைப் பின்பற்றுகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், நடுவில் மாறுவது வேதனை.

தாளில் அச்சிடுவது

கணினியிலிருந்து தாளில் பிரெய்ல் எழுப்பும் அச்சுப்பொறிக்கு எம்போசர் என்று பெயர். சாதாரணத் தாளில் புள்ளி நிற்காது, 120 முதல் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரையான தடித்த தாள் வேண்டும். அச்சிட்ட புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்கவைத்து அடுக்குங்கள், எடை அழுத்தினால் புள்ளி தட்டையாகிவிடும்.

உரையைப் பிரெய்லாக்க இலவசமான பிரெய்ல்பிளாஸ்டர், விலைக்குக் கிடைக்கும் டக்ஸ்பரி போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. மொழி அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, வரிக்கு எத்தனை கட்டம், பக்கத்துக்கு எத்தனை வரி என்று எம்போசருக்கு ஏற்ப அமைத்து, மாற்றிய கோப்பை ஒருமுறை டிஸ்பிளேயில் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து எங்களுக்கென்றே பிரெய்லில் அச்சிட்ட கையேடு வந்தது. நல்ல தாள், கூர்மையான புள்ளிகள், நாற்பது பக்கம். ஆசையோடு விரலை வைத்தேன். பின்சாய்கோடு, எக்ஸ், எண்கள். அடுத்த வரியும் அதேதான். தமிழ் உரையை ஆங்கில அட்டவணையில் மாற்றி, அத்தனை பிரதியும் அடித்துவிட்டார்கள். அச்சிட்டவர் யாருக்கும் பிரெய்ல் தெரியாது, படிக்கத் தெரிந்த ஒருவரிடமும் காட்டவில்லை. மறுமுறை அவர்கள் அச்சிடும்போது முதல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். நான் அதைப் படித்தேன். மூன்றாவது வரியில் பள்ளி என்பது பல்லி என்று இருந்தது. மூலக் கோப்பிலேயே இருந்த பிழை. அதைத் திருத்திய பிறகுதான் மீதித் தாள்கள் எம்போசருக்குப் போயின.